அமலோற்பவம் ஓடிய ஓட்டம்

வாய்க்கால் கரையில் அமலோற்பவம் ஓடுவதை முதலில் பார்த்தவன் நான்தான். விடிந்தும் விடியாத நேரம். ராத்திரி பெய்த மழையில் கரை சொதசொதவென்று கிடந்தது. வயலில் தேங்கின தண்ணீரை வடிய விடலாம் என்று மண்வெட்டியோடு போனவன், எதிரே ஒரு பொம்பளை சேலையை முழங்காலுக்கு மேலே தூக்கிச் செருகிக்கொண்டு ஓடி வருவதைப் பார்த்து, பாம்பு கீம்பு துரத்துகிறதோ என்று மண்வெட்டியை ஓங்கிக்கொண்டு நின்றேன். கிட்டே வந்த பிறகுதான் ஆள் தெரிந்தது. நடவுக்குப் போகும்போது போடுகிற ஆம்பளைச் சட்டையைச் சேலைமேல் போட்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் ஓட்டத்தை விட்டு நடந்தாள்.

"என்ன தங்கச்சி, எவன் தொரத்துறான்?"

"யாரும் இல்லண்ணே. சுகருக்கு நடக்கச் சொல்லியிருக்காங்க."

அவளுக்குச் சுகர் கிடையாது. எங்கள் தெருவில் யாருக்கு என்ன வியாதி என்பது ஒளிவு மறைவான சங்கதி இல்லை. சுகருக்கு நடக்கச் சொல்வார்கள், இப்படித் தலைதெறிக்க ஓடச் சொல்ல மாட்டார்கள். நான் கேட்கவில்லை. கொஞ்ச தூரம் போய்த் திரும்பிப் பார்த்தபோது கரண்டு கம்பத்தை இரண்டு கையாலும் கட்டிப் பிடித்துக்கொண்டு, நெற்றியைக் கம்பத்தில் முட்டுக்கொடுத்து நின்றாள். ரொம்ப நேரம் நின்றாள். கூப்பிடலாம் என்று வாய் வரைக்கும் வந்தது. ஒரு பொம்பளை மூச்சு வாங்குவதை என்னவென்று கேட்பது என்று நான் பாட்டுக்கு மடைக்குப் போய்விட்டேன்.

அவள் வீடு எனக்கு அடுத்த வீடு. புருஷன் குழந்தைராஜ் கொஞ்சம் குத்தகை நிலம் பார்க்கிறான், மற்ற நாளில் ஊர் வயலுக்கெல்லாம் மருந்தடிக்கப் போவான். அவனுடைய அப்பன் காலம் வரைக்கும் அடுத்தவன் பண்ணையில் கைகட்டி நின்ற குடும்பம். இவன் தலையெடுத்துதான் ஓட்டு வீடு வந்தது. அமலோற்பவம் நடவு ஆள்களைக் கூட்டிக்கொண்டு போகிறவள். இந்தப் பக்கம் வலங்கைமான் வரைக்கும், மிஷின் இறங்காத சேற்று வயல் என்றால் அவளைத்தான் தேடி வருவார்கள். ஒரே பெண், ஜெனித். பள்ளிக்கூடத்தில் பையன்களோடு பந்து உதைத்துக்கொண்டிருந்தவளை ஒரு வாத்தியார் கொண்டுபோய்த் தஞ்சாவூரில் ஒரு தனியார் அகாடமியில் சேர்த்துவிட்டார். அங்கேயே தங்கிப் படிப்பு, அங்கேயே ஆட்டம். இந்த வருஷம் மாநில அணிக்கு ஆள் எடுக்கும் கேம்ப்புக்கு அவள் பேர் போகும் என்றார்கள். அதில் ஆடிவிட்டால் போலீசிலோ ரயில்வேயிலோ வேலை நிச்சயம் என்று குழந்தைராஜ் டீக்கடையில் சொல்லாத நாள் இல்லை.

அந்த அகாடமியில் பிள்ளைகளுக்குப் பனியன் மாதிரி ஒன்று கொடுத்திருந்தார்கள். மார்போடு நிற்கிற கட்டைப் பனியன். முதுகில் இரண்டு தோள்பட்டைக்கு நடுவே ஒரு பை, அதற்குள் தீப்பெட்டி அளவு ஒரு பெட்டி. நெஞ்சுக்குக் குறுக்கே தனியாக ஒரு பட்டை. எவ்வளவு ஓடினாள், எவ்வளவு வேகம், நெஞ்சு எப்படி அடித்தது, எல்லாவற்றையும் அது எழுதிக்கொள்ளுமாம். போன வருஷம் ஜெனித் ஊருக்கு வந்தபோது எனக்குக் காட்டினாள். நாய்க்குப் பட்டை கட்டுகிற மாதிரி கட்டிவிட்டிருக்கிறார்களே என்றேன். சிரித்தாள். சோர்ந்துபோன பிள்ளையை அதுக்குமேல் ஓடவிட்டால் காலை ஒடித்துக்கொள்வாள், அதற்குத்தான் இது என்றாள்.

"சோந்துபோச்சா இல்லியான்னு மூஞ்சியப் பாத்தா தெரியாதா?"

"மூஞ்சி பொய் சொல்லும் பெரியப்பா. கேட்டா நாங்க யாரும் சோந்துட்டோம்னு சொல்லவே மாட்டோம். வெளிய ஒக்கார வச்சிருவாங்கள்ல?"

எனக்கு அந்தப் பெட்டியைப் பிடிக்கவில்லை. மனுஷன் உடம்புக்குள் என்ன நடக்கிறது என்பது அவனுக்கும் ஆண்டவனுக்கும் தெரிந்தால் போதாதா?

தீபாவளிக்கு அகாடமி விடுப்பு விட்டது. கேம்ப் நெருங்குகிறதே என்று பிள்ளைகளிடம் பனியனைக் கொடுத்தனுப்பி, வீட்டில் இருந்தாலும் தினம் ஓட வேண்டும், சாயங்காலம் போன் வழியாகப் பெட்டியின் கணக்கு அகாடமிக்கு வந்துவிட வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். ஜெனித் வந்து இறங்கின மறுநாளே காய்ச்சலில் விழுந்தாள். கண்ணைத் திறக்க முடியவில்லை. கஞ்சித் தண்ணி தவிர எதுவும் இறங்கவில்லை. அந்த நிலையிலும் பாயில் உட்கார்ந்துகொண்டு காலணிக்குக் கயிறு மாட்டிக்கொண்டிருந்தாளாம். அமலோற்பவம் பிடுங்கி வைத்திருக்கிறாள்.

காய்ச்சல் என்று போன் போட்டுச் சொல்லிவிடலாமே என்று யாருக்கும் தோன்றும். அவர்களுக்கும் தோன்றியது. ஆனால் போன வருஷம் இதே நேரத்தில் ஃபிளோரா என்று ஒரு பிள்ளை, கால் வலிக்கிறது என்று உள்ளதைச் சொன்னாள். அவள் இடத்துக்கு வேறு பிள்ளை வந்தாள். ஃபிளோரா இப்போது சீர்காழியில் ஜவுளிக்கடையில் நிற்கிறாள். அதை ஜெனித் அழுதுகொண்டே சொல்லியிருக்கிறாள்.

அமலோற்பவம் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அந்தப் பொட்டிக்கு என்ன வேணுமாம்? ஒடம்பு ஒழைக்கணும், அவ்ளோதானே? நா ஒழைக்கிறேன். எங்க, மாட்டிவிடு" என்றிருக்கிறாள்.

இதை எனக்கு அப்புறம் பஸ்ஸில் குழந்தைராஜ் சொன்னான். அவனுக்கும் அன்றைக்கு அது பெரிய தப்பாகப் படவில்லையாம். எங்கள் பக்கம் அது வழக்கம்தான். ஒருத்தி நடவுக்கு வர முடியாவிட்டால் அவள் வீட்டிலிருந்து இன்னொருத்தி இறங்குவாள். அக்காளுக்குத் தங்கச்சி, மாமியாருக்கு மருமகள். வரிசை நிறைந்தால் சரி, எவள் கை என்று யார் கேட்டார்கள்? பெட்டியையும் அப்படித்தான் நினைத்துவிட்டாள். ஜெனித்துக்கு மட்டும் அது தப்பென்று தெரியும். தெரிந்தே அம்மாவுக்குப் பட்டையை இறுக்கி மாட்டிவிட்டிருக்கிறாள்.

முதல் நாள் அமலோற்பவம் அந்தப் பனியனோடு நடவுக்குப் போனாள். என் வயலில்தான் நடவு. தாளடி, இரண்டாம் போகம். இடுப்பை வளைத்தால் முதுகுப் பெட்டி சட்டைக்குமேல் புடைத்துக்கொண்டு தெரிந்திருக்கிறது. பக்கத்தில் நட்டுக்கொண்டிருந்த செவ்வந்தி, முதுகில் என்னடி முடிச்சு, புருஷனுக்குத் தெரியாமல் நகை வாங்கிப் போட்டிருக்கிறாயா என்று கேட்டாளாம். வேளாங்கண்ணி மாதா சுரூபம், பிள்ளைக்காக வேண்டுதல் என்று சொல்லிவிட்டாள். செவ்வந்தி சேற்றுக் கையை உதறிவிட்டு அந்த முடிச்சைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாளாம். இதைச் சொல்லும்போது மட்டும் அமலோற்பவம் அழுதாள் என்றான்.

சாயங்காலம் கணக்கு போனது. அகாடமியில் கம்ப்யூட்டர் பார்க்கிற பெண் தஹ்மீனா, ஓட்டம் பத்தாது ஜெனித், நாளைக்கு நல்லா ஓடு என்று எழுதியிருந்தாள். நாள் பூராவும் குனிந்து நட்டதைப் பெட்டி ஓட்டத்தில் சேர்க்கவில்லை. அதனால்தான் மறுநாள் விடியலில் வாய்க்கால் கரை ஓட்டம். ஓடிவிட்டு வந்து, பழையதைக் கரைத்துக் குடித்துவிட்டு, அதே பனியனோடு நடவு. அன்றைக்குச் சாயங்காலம் தஹ்மீனா 'சூப்பர்' என்று எழுதியிருக்கிறாள். ஜெனித் படித்துக் காட்டினாள். அமலோற்பவம் இன்னொரு தடவை படிக்கச் சொன்னாளாம். அவள் உழைப்பை யாரும் அப்படி எழுத்தில் சொன்னதில்லை.

விடுப்பு முடிகிற வரைக்கும் ஓடினாள். ராத்திரியில் பனியனை அலசிக் கொடியில் போட்டு, பார்க்கிறவர்களுக்குத் தெரியாமல் மேலே ஒரு துண்டை விரித்துவிடுவாள். கல்லறைத் திருநாளுக்கு மாமனார் கல்லறையில் புல் பறிக்கப் போனவள் அங்கேயே சிமெண்டு மேல் சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள். வெயில் என்றார்கள். அன்றைக்கு மழை மூட்டம்.

ஜெனித் தேறி அகாடமிக்குப் போன மூன்றாம் நாள், அப்பா அம்மாவைக் கூட்டிக்கொண்டு வரச் சொல்லி ஆள்விட்டார்கள். குழந்தைராஜ் என்னையும் கூப்பிட்டான். ஆபீசு, ஆஸ்பத்திரி என்றால் அவனுக்கு வாய் கட்டிக்கொள்ளும். பேசுவதற்கு ஒரு ஆள் இருக்கட்டும் என்றான். எல்லாவற்றையும் பஸ்ஸில்தான் சொன்னான். பாதி வழியில் இறங்கிவிடலாம் என்றுகூட நினைத்தேன்.

கோச் ஃபாஜில் கூத்தாநல்லூர்க்காரர், வயது குறைவு, மரியாதையான மனுஷன். எங்களுக்கு நாற்காலி போட்டு டீ வரவழைத்தார். ஏமாற்று தெரிந்துபோய்க் கூப்பிட்டிருக்கிறார்கள் என்றுதான் நான் நினைத்தேன், டீயைத் தொடவில்லை. தஹ்மீனா கம்ப்யூட்டரை எங்கள் பக்கம் திருப்பினாள். பழைய மாதத்துக் கோடெல்லாம் ஏறுவதும் இறங்குவதுமாக ஒழுங்காக இருந்தது. விடுப்புக் கோடு அப்படி இல்லை. கண்டபடி குதித்தது, கீழே விழுந்தது, மறுபடி குதித்தது. பாப்பா நடந்துகொண்டிருக்கும்போதே நெஞ்சு தாறுமாறாக அடித்திருக்கிறது என்றாள் அந்தப் பெண். நெஞ்சில் ஏதோ கோளாறு இருக்கிற மாதிரி தெரிகிறது, டாக்டர் பார்த்துச் சரி என்று சொல்லாமல் கிரவுண்டில் இறக்க முடியாது, நாளைக்குள் கேம்ப்புக்குப் பேர் அனுப்ப வேண்டும் என்றார் ஃபாஜில். எங்களைவிட அவருக்குத்தான் முகம் வாடியிருந்தது.

தஹ்மீனா ஜெனித்தின் கையைப் பிடித்துக்கொண்டு மெதுவாகக் கேட்டாள். "ஓடும்போது நெஞ்சு படபடன்னு வந்துச்சாப்பா? மயக்கம் எதும் வந்துச்சா?"

பின்னாலிருந்து அமலோற்பவம் சொன்னாள். "மயக்கம்லாம் இல்லம்மா. லேசா கண்ணு இருட்டிக்கிட்டு வரும். எதையாச்சும் புடிச்சுக்கிட்டு நின்னா சரியாப் போயிரும்."

எல்லோரும் அவளைத் திரும்பிப் பார்த்தோம்.

"புள்ள சொன்னுச்சு" என்றாள்.

ஃபாஜிலே ஒரு நெஞ்சு டாக்டரிடம் சொல்லி உடனே பார்க்க ஏற்பாடு செய்தார். படிக்கட்டு ஏறித்தான் போக வேண்டியிருந்தது. அமலோற்பவம் நடுவில் நின்று, செருப்பு வாரைச் சரிசெய்வதுபோலக் குனிந்துகொண்டாள். வார் நன்றாகத்தான் இருந்தது. டாக்டர் ஒரு அம்மா. ஜெனித்தைப் படுக்கவைத்து வயரெல்லாம் ஒட்டிப் பார்த்தார், ஸ்கேன் எடுத்தார். பிறகு தஹ்மீனா கொடுத்தனுப்பிய காகிதத்தையும் தன் காகிதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டு கண்ணாடியைக் கழற்றினார். இந்தப் பெண்ணுக்கு நெஞ்சில் ஒரு குறையும் இல்லை, குதிரை மாதிரி இருக்கிறது என்றார். அமலோற்பவம் சிலுவை போட்டுக்கொண்டாள்.

"ஆனா இது இந்தப் பொண்ணோட நெஞ்சு இல்ல" என்று மற்றக் காகிதத்தைத் தட்டினார். "மெஷின் கெட்டிருக்கணும். இல்லாட்டி வேற யாராவது போட்டிருக்கணும். வேற யாராவது போட்டிருந்தா அவங்கள ஒடனே கூட்டிட்டு வாங்க. இது விட்டுவைக்கிற விஷயம் இல்ல. யாராச்சும் போட்டாங்களா?"

அமலோற்பவம் தரையைப் பார்த்தாள். குழந்தைராஜ் என்னைப் பார்த்தான். பேசுவதற்கென்று கூட்டிவந்த ஆள் நான். நான் மேலே ஓடுகிற காற்றாடியைப் பார்த்தேன்.

"மிஷின் கோளாறுதாங்க" என்றான் குழந்தைராஜ்.

டாக்டர் ஜெனித்தைப் பார்த்தார். "ஆமா மேடம்" என்றாள் அவள்.

டாக்டர் என்னையும் பார்த்தார். நானும் தலையை ஆட்டினேன். வெள்ளைச் சட்டை போட்ட கிழவன் தலையை ஆட்டினால் நம்பத்தானே செய்வார்கள். கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

வெளியே வந்ததும் அமலோற்பவத்துக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. பேசிக்கொண்டே வந்தாள். மெஸ்ஸில் பிள்ளைக்கு மீன் வாங்கிக் கொடுங்கள் என்றாள், காகிதத்தை நனையாமல் வையுங்கள் என்றாள். அகாடமிக்கு எதிரே இருந்த மெஸ்ஸில் இலை போட்டார்கள். கெண்டை மீன் குழம்பு. அவள் ஒருத்திதான் சாப்பிட்டாள், அதுவும் எங்களுக்குக் காட்டுவதற்காக. இரண்டு வாய் போவதற்குள் கை சோற்றிலேயே நின்றது. மேலுதட்டில் முத்து முத்தாக வியர்வை. மேசை ஓரத்தை, கம்பத்தைப் பிடித்த மாதிரியே பிடித்துக்கொண்டாள். நாங்கள் மூன்று பேரும் பார்த்தோம். மூன்று பேருக்கும் அது என்னவென்று தெரியும். அந்தக் கோடு குதித்ததை இப்போதுதான் பார்த்துவிட்டு வந்திருக்கிறோம்.

"காரம் ஜாஸ்தி" என்றாள்.

ஜெனித் இலையை மூடிவிட்டு எழுந்தாள். அப்பன் சட்டைப்பையிலிருந்து காகிதத்தை எடுத்தாள்.

"எங்கடி போற?" என்றாள் அமலோற்பவம்.

"சொல்லிட்டு வர்றேன்."

"என்னத்தச் சொல்லப்போற? நா நல்லாத்தான இருக்கேன். ஒக்காரு. ஏங்க, அவளப் புடிங்க."

குழந்தைராஜ் அவள் கையைப் பிடித்தான். மெஸ்ஸில் சாப்பிடுகிறவர்களெல்லாம் பார்த்தார்கள். அவள் உதறவில்லை. "ப்பா, விடுங்கப்பா" என்று மட்டும் சொன்னாள். அவன் விட்டுவிட்டான். நான் அவள் பின்னாலேயே போனேன். தடுக்கவா, துணைக்கா என்று கேட்டால் எனக்கே தெரியாது.

ஃபாஜில் முன்னால் போய் நின்று, காகிதத்தை மேசையில் வைத்துவிட்டு, அது எங்கம்மா சார், எனக்குக் காய்ச்சல், எங்கம்மாதான் போட்டுக்கிட்டு ஓடினாங்க என்று ஒரே மூச்சில் சொன்னாள். தஹ்மீனா வாயைப் பொத்திக்கொண்டாள். நான் நல்லா ஓடுன்னு எழுதினேனே, அம்மாவையா ஓடச் சொன்னேன் என்று அவளுக்கு அழுகை வந்துவிட்டது.

ஃபாஜில் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

"காய்ச்சல்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா, ரெஸ்ட் எடுன்னுதானே சொல்லியிருப்பேன்."

"ஃபிளோராவுக்கும் ரெஸ்ட்டுதான் சார் குடுத்தீங்க."

சன்னல் வழியே கிரவுண்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே பிள்ளைகள் அதே பனியனோடு ஓடிக்கொண்டிருந்தார்கள். பிறகு, "நீ சொன்னதுல நாயம் இருக்கு. அது என்னோட தப்பு. ஆனா இப்ப அந்தப் புள்ளைங்க கணக்க நா எப்படிம்மா நம்புறது? யாரு வூட்டுல யாரு ஓடுனாங்கன்னு நா போயிப் பாக்கவா?" என்றார். "அம்மாவ மொதல்ல டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போ. பெட்டிய வச்சிட்டுப் போ. ஆட்டம் எங்கயும் போயிராது, அப்பறம் பாக்கலாம்" என்றார். பேர் அனுப்பும் நாள் மறுநாள். அப்புறம் என்றால் அடுத்த வருஷமோ, அதுவும் இல்லையோ.

ஜெனித் பனியனை மடித்து, பட்டையைச் சுற்றி, பெட்டியை மேலே வைத்துவிட்டு வந்தாள்.

சங்கதி எங்களுக்கு முன்னால் ஊர் வந்து சேர்ந்துவிட்டது. அமலோ, அடுத்த ஒலிம்பிக்ஸ் எங்கே என்று டீக்கடையில் ஒருத்தன் கேட்டான். குழந்தைராஜ் டீக்கடைப் பக்கம் வருவதை விட்டான். செவ்வந்தி மட்டும் வீட்டுக்கு வந்து, மாதான்னு சொன்னியேடி, நான் தொட்டுக் கும்பிட்டேனே என்று கேட்டுவிட்டுப் போனாள். சண்டைகூடப் போடவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை அமலோற்பவம் பூசைக்குப் போகவில்லை. மகளோடு ஒரு பேச்சும் கிடையாது. நான் செத்தா செத்துட்டுப் போறேன், எவ இவளச் சொல்லச் சொன்னா என்று சுவரைப் பார்த்துச் சொல்லுவாள். ஜெனித் அம்மாவுக்குப் பதிலாக நடவுக்குப் போனாள். பந்து உதைக்கிற கால் சேற்றில் நின்றது, கைதான் ஓடவில்லை. வரிசையில் பின்தங்கிப் போய், மற்றவர்கள் கரையேறிய பிறகும் தனியாகக் குனிந்து நட்டுக்கொண்டிருந்தாள். யாரும் கேலி பண்ணவில்லை. பேசவும் இல்லை.

பெரியாஸ்பத்திரியில் அமலோற்பவத்துக்கு மாத்திரை கொடுத்தார்கள், சேற்றில் இறங்கக் கூடாது என்றார்கள். நெஞ்சில் வயரை ஒட்டி, கழுத்தில் ஒரு பெட்டியை மாட்டி, ஒரு நாள் முழுக்க இதோடு இருங்கள், நடங்கள், வீட்டு வேலையெல்லாம் வழக்கம்போலச் செய்யுங்கள், நாளைக்குக் கொண்டுவந்து கொடுங்கள் என்று அனுப்பினார்கள். இந்தப் பெட்டி கொஞ்சம் பெரிசு.

மறுநாள் காலையில் நான் எட்டிப் பார்த்தபோது வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் அசையாமல் உட்கார்ந்திருந்தாள். பெட்டியை முந்தானையால் போர்த்தியிருந்தாள். ராத்திரியிலிருந்தே இப்படித்தானாம். வீடு கூட்டவில்லை, தண்ணி எடுக்கவில்லை. மூச்சைக்கூட அளந்து விட்டாள்.

"என்ன தங்கச்சி, செலயாட்டம் ஒக்காந்துட்ட?"

"ஆடாம அசையாம இருந்தா அது நல்லாத்தான் எழுதும்ணே" என்றாள். "நல்லாருக்குன்னு எழுதிருச்சுன்னா, அதக் கொண்டுபோயி அந்த சார்கிட்ட காட்டலாம்ல. கோளாறு ஒண்ணும் இல்லன்னு."

யாருக்கு என்ன காட்டினால் எது திரும்பி வரும் என்று அவள் எதையோ மனதில் முடிச்சுப் போட்டு வைத்திருந்தாள். நடவுக்குக் கிளம்பி, அதே ஆம்பளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு ஜெனித் உள்ளேயிருந்து வந்தாள். அமலோற்பவம் அவளை நிமிர்ந்து பார்த்தாள். மெஸ்ஸிலிருந்து வந்த பிறகு மகளோடு பேசிய முதல் பேச்சு அதுதான். யாருக்கும் கேட்காத மாதிரி, கெஞ்சுகிற மாதிரி சொன்னாள்.

"கொஞ்ச நேரம் நீ மாட்டிக்கயேன். ஒன் நெஞ்சு நல்லாருக்குன்னுதான் அந்தம்மா சொன்னாங்களே."

ஜெனித் அப்படியே நின்றாள். எனக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. தெருவில் போன ஆட்டைப் பார்த்தேன்.

பிறகு அவள் அம்மா முன்னால் வந்து, கையைப் பிடித்துத் தூக்கினாள். "எந்திரிம்மா. வா, கரவரைக்கும் நடந்துட்டு வருவோம்."

"ஊரு பாக்குமேடி."

"பாக்கட்டும்."

இரண்டு பேரும் நடந்தார்கள். தண்ணீர் பார்க்கப் போகிறவன் மாதிரி நானும் பின்னால் போனேன். டீக்கடையில் பேச்சு நின்றது. அமலோற்பவம் பெட்டியை முந்தானைக்குள் அமுக்கிப் பிடித்துக்கொண்டு, தலையைக் குனிந்தபடியே நடந்தாள். கரையேறிக் கொஞ்ச தூரம் போனதும் நடை தளர்ந்தது. ஜெனித்தும் நின்றாள்.

அமலோற்பவம் கரண்டு கம்பத்தில் கையை ஊன்றிக்கொண்டாள். முந்தானை நழுவிப் பெட்டி வெளியே தெரிந்தது. அதை அவள் மறுபடி மூடவில்லை.

"இங்கதான்டி" என்றாள். "அன்னைக்கும் இங்கதான் வந்துச்சு."